திங்கட்கிழமை நகச் சோதனை

அல்பேனியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிக்காரர்கள் கடவுளே கிடையாது என்று சட்டம் போட்டு, எங்கள் கொர்ச்சா ஊர்த் தேவாலயத்தைக் கிடங்காக்கிவிட்டார்கள். ஆனாலும் ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை மட்டும் பள்ளிக்கூடத்துக்குச் சுத்தத்தின் மேல் திடீர் அக்கறை வந்துவிடும். டீச்சர் பொலிக்செனி ஒவ்வொரு பிள்ளையின் நகத்தையும் பிடித்துப் பார்ப்பாள். சிவப்பு ஒட்டியிருந்தால், வீட்டில் ஈஸ்டர் முட்டைக்குச் சாயம் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்புறம் அப்பனுக்கு வேலை இருக்காது.

நானா ஏமாறுவேன்? எட்டு வயது மகள் எர்மிரா விளையாடப் போன நேரத்தில்தான் சாயம் போட்டேன். ஓட்டை உரித்து அடுப்பில் எறிந்துவிட்டு, வெறும் முட்டையைத்தான் அவளுக்குக் கொடுத்தேன். அந்த வேவுகாரி பொலிக்செனி என்னத்தைக் கண்டுபிடிப்பாள், பார்க்கலாம்!

திங்கள் சாயங்காலம் நான் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது எர்மிரா துள்ளிக்கொண்டு வந்தாள்.

"என்னடி, நகம் பாத்தாங்களா?"

"பாத்தாங்கம்மா. என் நகம் சுத்தம். ஆனா டீச்சர் என் கையைப் பிடிச்சப்ப அவங்க நகத்தை நான் பாத்தேன். ஓரமெல்லாம் சிவப்பு! ஓடிப்போய் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்."

"டீச்சர் இப்ப எங்கடி?"

"ஜீப்ல கூட்டிட்டுப் போயிட்டாங்க. எல்லாரும் எனக்குக் கை தட்டினாங்க, தெரியுமா?"

கட்சியின் சிறுவர் படைப் பிள்ளைகள் கழுத்தில் கட்டும் சிவப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். நான் விரல்களை மாவுக்குள் இன்னும் ஆழமாக அழுத்தினேன்.

"கையைக் கழுவிட்டு வாம்மா," என்றாள். "உன் நகத்தையும் பாக்கணும்."