ஓடாத வண்டியின் செயின்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அண்ணனுக்குத் தன் பைக்கின் செயின்மேல் தீராத கவலை. வாரம் தவறாமல் வீடியோவில் என்னை அழைப்பான். அண்ணியிடம் நேராகப் பேசினால் இருவரும் அழுதுவிடுகிறார்கள். செயின் அழாது.

"இன்ஜின் ஆஃப்தானே? சாவியை எடுத்துட்டியா?"

"எடுத்தாச்சு. சென்டர் ஸ்டாண்டும் போட்டாச்சு."

"அண்ணியைச் சக்கரத்தைக் கையால மெதுவா சுத்தச் சொல்லு. நீ எண்ணெய் விடு. அவ விரல் செயின்கிட்ட போகாமப் பாத்துக்கோ."

அண்ணி உட்கார்ந்து சுற்றினாள்.

"அண்ணே, நீ போனதுலேர்ந்து வண்டி வாசலைத் தாண்டல. செயின்ல எண்ணெய் சொட்டுது."

"துணியால துடை. போனைக் கொஞ்சம் மேல தூக்கு."

"மேல செயின் இல்லையே."

"தூக்குடா எருமை!"

தூக்கினேன். திரையில் இப்போது அண்ணியின் முகம். அண்ணி நிமிரவில்லை.

"நல்லா சுத்துதுங்க" என்றாள், சக்கரம் நின்ற பிறகு.