அடித்தல் திருத்தல் இல்லாத கட்டுரை

மதிக்கு எழுத்துகள் ஓரிடத்தில் நிற்காது. வாயால் கேட்டால் எல்லாப் பாடத்தையும் மளமளவென்று சொல்வாள். எழுதச் சொன்னால் பாதிச் சொல்லைக் காணோம், மீதி இடம் மாறிக் கிடக்கும். டிஸ்லெக்சியா என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவள் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கிடைத்தால் பாஸ், கிடைக்காவிட்டால் ஃபெயில். அவள் அம்மா அன்புக்கரசிக்கு இந்த ஒரு கவலைதான், ஆனால் அது அவளை உட்காரவே விடவில்லை.

ஆள் கேட்டுப் போடும் விண்ணப்பத்தோடு பிள்ளை எழுதிய கட்டுரை ஒன்றையும் வைக்க வேண்டும். மதியின் வகுப்பு டீச்சர் ஹெப்சிபா நல்லவர்தான். ஆனால் மேலிடத்துக்குப் போகும் ஃபைலில் ஓர் அடித்தல் திருத்தல் இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. முப்பது வருஷ இன்ஸ்பெக்‌ஷன் பயம் அப்படி. போதாக்குறைக்கு, 'சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு ஏஐ' என்ற இரண்டு நாள் பயிற்சிக்குப் போய் சமோசாவும் சான்றிதழும் வாங்கி வந்திருந்தார். மதியின் நோட்டைப் போனில் படம் பிடித்தார், ஏஐ அதைச் செப்பனிட்டுக் கொடுத்தது. பிரிண்ட் எடுத்து, கீழே மதியின் பெயரைப் போட்டு, பெருமையோடு அனுப்பிவைத்தார். பிள்ளைக்கு எழுத வராது என்று காட்ட வேண்டிய காகிதத்தில் மருந்துக்குக்கூட ஒரு பிழை இல்லை.

விண்ணப்பம் திரும்பி வந்தது. 'மாணவி சிறப்பாக எழுதுகிறார்' என்று காரணம் போட்டிருந்தார்கள்.

விம்கோ நகர் மெட்ரோவில் துப்புரவு வேலை பார்க்கும் அன்புக்கரசி, லீவு போட்டுவிட்டு, மகளையும் நோட்டையும் இழுத்துக்கொண்டு ராயபுரத்தில் அதைத் திருப்பியனுப்பிய கல்வி ஆபீசுக்குப் போனாள். அதிகாரி சாலமோன் ஃபைலைத் திறந்து கட்டுரையை வாசித்துக் காட்டினார்.

"'எண்ணூரின் தூய காற்றும் துள்ளும் மீன்களும் மனத்துக்கு இதமளிக்கின்றன.' இப்படி எழுதுற பொண்ணுக்கு எதுக்கும்மா ஆள்?"

ஆலைப் புகையும் அனல்மின் நிலையச் சாம்பலும் சூழ்ந்த எண்ணூரில் தூய காற்று என்றதும் அன்புக்கரசிக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

"எண்ணூர்ல கீறவங்க யாராச்சும் இத்த எழுதுவாங்களா சார்? இது மெஷின் எழுதுனது. எம்பொண்ணு எழுதுனது இந்த நோட்டுல கீது, பாருங்க."

சாலமோன் நோட்டைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார். அவரும் அதே பயிற்சியில் சமோசா தின்றவர்தான். போனை எடுத்துப் படம் பிடித்தார். போன் தேனொழுகும் குரலில் வாசித்தது: "எண்ணூரின் நீலக்கடல் கண்ணுக்கு விருந்து."

"கேட்டீங்களா? தெளிவாத்தானே எழுதியிருக்கா."

"நான் அப்டி எழுதல சார்" என்றாள் மதி. "தண்ணி கலீஜா கீது, எங்க மாமா வலை போட்டா சாம்பலும் சேறுந்தான் வருது, காத்து பட்டாலே கண்ணு எரியுதுன்னு எழுதினேன்."

"ஏஐ எதுக்கும்மா பொய் சொல்லப்போவுது?"

அன்புக்கரசிக்குப் பொறுமை போயிற்று. "அப்ப பரீச்சைக்கு அந்தப் போனையே அவ கைல குடுத்து அனுப்புங்க. அதுவே எழுதிக்கினு வரட்டும்."

"ஹாலுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது."

"பேப்பர் திருத்துறவங்க?"

"அவங்களும்தான்."

"அப்ப நீங்களும் அத்த வச்சிட்டுப் படிங்க சார்."

நோட்டை அவர் முன்னால் தள்ளினாள். சாலமோன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு 'எ' என்றார். அப்புறம் வேறு ஏதோ முனகினார். நோட்டைச் சாய்த்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, அவர் உதவி கேட்பதற்குள் நழுவிவிட்டார்கள். ஐந்து நிமிஷமாகியும் முதல் வரி முடியவில்லை. அவர் கை மெல்லப் போன் பக்கம் போனது. அன்புக்கரசி போனை எட்டி எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"மூணு மணி நேரம் டைம் கீது சார். பொறுமையா படிங்க."