தேபிகு, தேபிகூ

ஸ்ரீநாத் உருவாக்கிய மொழியில், ஒரு சொல்லைக் கேட்டாலே அது எந்த இனத்துப் பொருள் என்று தெரிந்துவிடும். ‘தே’ என்று தொடங்கினால் செடிகொடி. ‘தேபி’ என்றால் அதில் பயறு வகை. எந்தப் பயறு என்பதைக் கடைசி எழுத்துதான் சொல்லும். தேபிகு என்றால் கடலைப்பருப்பு, தேபிகூ என்றால் வேர்க்கடலை. கணினி வேலை போக மிச்ச நேரமெல்லாம் இதிலேயே போனது. அவனைத் தவிர அதைப் பேசத் தெரிந்தவள் மனைவி யாமினி மட்டும்தான். காதலித்த காலத்தில் விளையாட்டாகக் கற்றுக்கொண்டாள். சிங்கப்பூரின் பொங்கோலில் இருந்த வீட்டில் அதுவே அவர்களுடைய பேச்சாகிவிட்டது. நெருங்கிய பொருளுக்கெல்லாம் ஒரே மாதிரி சத்தம் வருகிறதே என்று ஒருமுறை அலுத்துக்கொண்டாள். அதுதான் இதன் அழகு என்றான் அவன்.

யாமினிக்கு வேர்க்கடலை ஆகாது. சிறுவயதில் வேர்க்கடலை அரைத்துச் செய்த சாத்தே சாஸை ஒரு வாய் தின்று மூச்சடைத்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள்.

அன்று அலுவலகத்துக்கென்று சிராங்கூன் ரோட்டில் வாங்கி வைத்திருந்த இனிப்புப் பெட்டியை ஸ்ரீநாத் மேசையிலேயே மறந்துவிட்டுப் போனான். ரயிலில் இருந்தபோது யாமினி அழைத்தாள். மைசூர்பாகு மாதிரி இருக்கிறதே, அந்தச் சதுர வில்லை எதில் செய்தது என்று அவர்கள் மொழியில் கேட்டாள். தேபிகூ என்றான். ரயில் இரைச்சலில் அவள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிக் கேட்டாள். அவன் காதில் தேபிகூ என்றுதான் விழுந்தது. ஆமாம் என்று வைத்துவிட்டான்.

மதியம் தெம்பனிஸிலிருந்து வந்த அவள் அம்மா வசந்தகுமாரி, தன்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தார். படுக்கையறை வாசலில் யாமினி விழுந்து கிடந்தாள். அவசர ஊசி வைத்திருந்த கைப்பை உள்ளே கட்டிலின் மேல் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

மறுநாள் விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி ஜலாலுதீன் தணிந்த குரலில்தான் பேசினார்.

“அந்த ரெண்டு வார்த்தையையும் சொல்லுங்க.”

ஸ்ரீநாத் சொன்னான்.

“ரெண்டும் ஒண்ணுதானே லா?”

இந்த முறை கடைசி எழுத்தை நன்றாக நீட்டிச் சொன்னான். ரயிலில் அப்படிச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சோபா ஓரத்தில் உட்கார்ந்திருந்த வசந்தகுமாரி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

“வேர்க்கடலைன்னு தமிழ்ல சொல்லியிருக்கலாமே மாப்ள. அவளுக்குத் தமிழ் தெரியுமே.”



“மண்டாய் சுடுகாட்டுக்கு நீங்க வரவேணாம்” என்றார் வசந்தகுமாரி.

ஆனாலும் போனான். காரியங்களை யாமினியின் சித்தப்பா செய்தார். இவன் பின்வரிசையில், தெரியாதவர்களோடு நின்றான்.