ஒரே எண்ணில் எட்டுப் பேர்

மருந்துக் கிடங்கின் சூப்பர்வைசருக்கு அந்த ஸ்கேனரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். எடுக்கும் பெட்டியைச் சரிபார்க்கும், கைக்கு அடக்கமான கருவிதான். ஆனால் காலையில் அதைத் திறக்க அவரவருக்குக் கொடுத்த எட்டு இலக்க எண்ணை அடிக்க வேண்டும். திரையிலுள்ள எழுத்தோ எறும்பை வரிசையாக நிறுத்திய மாதிரி. பெட்டி எடுக்கும் எட்டுப் பெண்களில் இளையவளுக்கே ஐம்பத்தெட்டு வயது. ஆள் தேவை என்று ஆறு மாதமாக வாசலில் பலகை தொங்குகிறது. வந்து விசாரித்த ஒரே ஆளுக்கு அறுபத்திரண்டு. ஊரே நரைத்துப்போனதில் மூட்டுவலி மாத்திரைக்கு மட்டும் ஆர்டர் குவிந்தது. ஆள் கிடைக்காத குறையைக் கருவி தீர்த்துவிடும் என்று தலைமை அலுவலகத்தில் யாரோ முடிவு கட்டிவிட்டார்கள்.

எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி சூப்பர்வைசர் மூன்று முறை எழுதிப் போட்டார். 'அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும்' என்று மூன்று முறையும் ஒரே பதில் வந்தது.

வழி கண்டுபிடித்தது கழுகு அக்கா. இரண்டு கண்ணிலும் புரை எடுத்த பிறகு எதிர்ச்சுவர் பல்லியின் விரலைக்கூட எண்ணிவிடுவாள் என்று மற்றவர்கள் வைத்த பெயர் அது. தினமும் காலையில் எட்டுக் கருவியையும் மேசையில் பரப்பி, தனக்கு மனப்பாடமான ஒரே எண்ணை, அதாவது தன் எண்ணை, எட்டிலும் தட்டிக் கொடுத்துவிடுவாள். அப்புறம் பச்சை விளக்கு எரிந்தால் பெட்டி சரி, படிக்க ஒன்றுமில்லை. வேலை மளமளவென்று நடந்தது. சூப்பர்வைசரும் கண்டும் காணாமல் இருந்துவிட்டார்.

மூன்றாம் மாதம் ஏழு பேருக்கு வேலைநீக்கக் கடிதம் வந்தது. கழுகு அக்காவுக்குப் பாராட்டுக் கடிதம்.

"ஏண்ணே, மூணு மாசமா நாங்க என்ன காத்தையா தூக்கிட்டிருந்தோம்?" என்று கேட்டாள் இளையவள். சூப்பர்வைசர் நேரே மேலாளர் அறைக்கு ஓடினார்.

"சார், எட்டுப் பேர் பார்த்த வேலை ஒருத்தர் எண்ணுல ஏறியிருக்கு. விட்டது என் தப்பு. அவங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க."

மேலாளர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏழு பேரும் ஒரு பெட்டிகூட எடுக்கலைன்னு இங்க இருக்கே."

"எடுத்தாங்க சார். பக்கத்துல நின்னு பார்த்தவன் நான்."

"நீங்க பார்த்ததை நான் எந்தக் கட்டத்துல போடறது?"

"அறுபத்துமூணு வயசுல ஒரு மனுஷி நாளைக்கு ரெண்டாயிரம் பெட்டி எடுப்பாங்களா? கொஞ்சம் யோசிங்க சார்!"

"அதான் தலைமை அலுவலகமே அசந்துபோயிருக்கு. வயசானவங்களுக்கு இந்தக் கருவி எப்படி உதவுதுன்னு எல்லாக் கிளைக்கும் எழுதப்போறாங்க."

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அந்த ஆள்மேல் வந்த ஆத்திரத்தைவிடத் தன்மேல் வந்ததுதான் அதிகம். முதல் நாளே கத்தித் தொலைத்திருக்கலாம்.

திங்கட்கிழமை ஏழு கருவிகள் மேசையில் சும்மா கிடந்தன. வாசலில் மூன்று லாரிகள் காத்து நின்றன. பத்து மணிக்கே மேலாளர் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"என்னய்யா, அந்தம்மா இன்னிக்கு இவ்வளவு மெதுவா இருக்காங்க? உடம்பு சரியில்லையா?"

சூப்பர்வைசர் தொலைபேசியைக் கழுகு அக்காவிடம் நீட்டினார். அவள் தூக்கிய பெட்டியைக் கீழே வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"உடம்புக்கு ஒண்ணுமில்லை சார். எப்பவும் எடுக்கறதைத்தான் எடுக்கறேன். என்னோட மத்த பதினாலு கையையும் நீங்கதானே வீட்டுக்கு அனுப்பிட்டீங்க?"