நெவில் ஆக்ஸ்லிக்கு ஒன்றுக்கு இருநூற்றைம்பது

ஸ்னூக்கர் உலகப் போட்டி தொடங்க ஐந்து நாள் இருந்தபோது, ஷெஃபீல்டில் ஹில்ஸ்பரோ டிராம் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டங்வொர்த் பந்தயக் கடையில், லொரேன் ஸ்டானிஃபோர்த் முப்பத்திரண்டு ஆட்டக்காரர்களுக்கும் விலை எழுதிப் பலகையில் ஒட்டினாள். பெரிய கம்பெனிக் கடைகளில் விலையைக் கணினி போட்டுத் தரும். டங்வொர்த்துக்கு இருந்ததோ ஒரே கடை. ஸ்னூக்கர் விலை போட அவரிடம் இருந்த ஒரே ஆள் லொரேன்தான். பத்தொன்பது வருஷமாக அவள்தான் போடுகிறாள்.

ஜெயிக்கக்கூடியவனுக்கு விலை குறைவு. வேல்ஸ்காரன் புரோபர்ட் ஒன்றுக்கு நான்கு, சீனத்து ஃபாங் ஒன்றுக்கு ஐந்து, ஸ்காட்லாந்து இம்ரி ஒன்றுக்கு ஏழு. பட்டியலின் அடிமட்டத்தில் நெவில் ஆக்ஸ்லி, ஒன்றுக்கு இருநூற்றைம்பது. அதாவது அவன் மேல் ஒரு பவுண்டு கட்டி அவன் கோப்பையைத் தூக்கிவிட்டால் கடை இருநூற்றைம்பது தரவேண்டும். பக்கத்து ஊர் ராதரம்காரன். நாற்பத்து மூன்று வயது. ஒரு காலத்தில் உலகத் தரவரிசையில் முதல் பதினாறு பேரில் ஒருவன். பிறகு ஆறு வருஷம் தகுதிச் சுற்றையே தாண்டவில்லை. இந்த வருஷம் எப்படியோ தாண்டியிருந்தான். அந்த 'எப்படியோ'வைப் பற்றி லொரேன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை காலை, சக்கரம் வைத்த காய்கறிப் பையை இழுத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் கடைக்குள் வந்தாள். குதிரைப் பந்தயத் திரைகளை மிருகக்காட்சிச் சாலையில் நிற்பவள்போல ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நேராகக் கவுண்டருக்கு வந்தாள்.

"கண்ணு, இந்தச் சீட்டெல்லாம் எப்படி எழுதறது? எனக்கு இது முதல் தடவை."

"யார் மேல கட்டணும்னு சொல்லுங்கம்மா, நானே எழுதறேன்."

"நெவில் ஆக்ஸ்லி. ரெண்டு பவுண்டு. என் பேரு எட்னா பிரமால். பேரெல்லாம் வேணுமா?"

"பேரு வேண்டாம். புரோபர்ட் நல்லா ஆடறாரும்மா, அவர் மேல வேணா…"

"அவன் யாரு?" என்றாள் எட்னா. உலகத்தின் முதல் நிலை ஆட்டக்காரனைத்தான் கேட்டாள்.

மத்தியானத்துக்குள் இன்னொரு அம்மாள் வந்தாள். மூன்று பவுண்டு, நெவில் ஆக்ஸ்லி. புதன்கிழமை நான்கு பேர், வியாழக்கிழமை ஐந்து பேர். எல்லாருக்கும் எழுபதுக்கு மேல். எல்லாரும் இரண்டு, மூன்று பவுண்டுக்காரர்கள். ஒருவருக்கும் பந்தயச் சீட்டு எழுதத் தெரியவில்லை.

டங்வொர்த் சீட்டுகளை விசிறிபோல விரித்துப் பார்த்தார். பருத்த ஆள்; கவலை வந்தால் காது சிவந்துவிடும்.

"பதினோரு கிழடுங்க, ஒரே பேரு. இது தில்லுமுல்லு லொரேன். எனக்கு மூக்குல வேர்க்குது. பந்தயத்தைக் கண்காணிக்கிற மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடலாம்."

"என்னன்னு எழுதுவீங்க? பாட்டிமாருங்க சதி பண்றாங்கன்னா?"

"சிரிக்காதே. யாரோ காசு குடுத்து ஏற்பாடு பண்ணியிருக்கான்."

"காசு குடுத்து ஒருத்தனைத் தோக்க வைக்கலாம் முதலாளி. ஜெயிக்க வைக்க முடியுமா? அஞ்சு பேரை அடுத்தடுத்து அடிச்சாதான் கோப்பை. அதுக்கு எந்தத் திருடன் காசு குடுப்பான்?"

டங்வொர்த் சீட்டுகளை மறுபடி ஒன்றாக அடுக்கினார். ஆனால் தான் கேட்ட கேள்வியே லொரேனை விடாமல் பிடித்துக்கொண்டது. தில்லுமுல்லு இல்லையென்றால், இவர்களுக்கு என்ன தெரியும்? பத்தொன்பது வருஷமாக ஸ்னூக்கர் பார்க்கும் தனக்குத் தெரியாதது, புரோபர்ட் யாரென்றே தெரியாத எட்னாவுக்கு எப்படித் தெரிந்தது?

அன்று மாலை எட்னா டிராமுக்காக நிற்பதைப் பார்த்து, லொரேன் கடைக்கு வெளியே போனாள்.

"நெவில் உங்களுக்குச் சொந்தமாம்மா?"

"இல்ல கண்ணு. பழக்கம். தங்கமான பையன்."

"எங்க பழக்கம்?"

எட்னா வாயைத் திறந்தாள், பிறகு பையின் கைப்பிடியைச் சரிசெய்தாள். "அது அவன் சமாசாரம். அவனே சொன்னா கேட்டுக்கோ." டிராம் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை வந்த பன்னிரண்டாவது ஆள் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். சீட்டை வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்று, பலகையில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை உரக்கப் படித்தார்.

"இங்கிருந்தே தெரியுது பாரும்மா! கண்ணாடிகூடப் போடல. போன வருஷம் பஸ்ஸு நம்பரைக்கூடப் பக்கத்து ஆளைத்தான் கேப்பேன். நான், பஸ் ஓட்டினவன்!"

அவர் போன பிறகும் லொரேன் பேனாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். செவ்வாய்க்கிழமை வந்தவர்களில் ஒரு அம்மாள் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். மழை நாள். அப்போது அது வேடிக்கையாகத்தான் தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ரொட்டிக்கு நடுவே வைத்த உருளைக்கிழங்கு வறுவலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, நெவில் ஆக்ஸ்லியின் பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓடவிட்டாள். விலை போடும்போது அவள் பார்ப்பது எண்களை மட்டும்தான். இப்போது ஆளைப் பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் ஒன்று. நெவில் மேசை மேல் குனிகிறான், நிமிர்கிறான், நடுவரைப் பார்த்து ஏதோ கேட்கிறான். நடுவர் ஏதோ சொல்கிறார். மறுபடி குனிகிறான். லொரேன் சத்தத்தைக் கூட்டினாள்.

"அது பழுப்பா?"

"சிவப்பு."

பந்தின் நிறத்தை நடுவரிடம் கேட்கலாம். ஆட்ட விதியிலேயே உண்டு. நிறக்குருடான ஆட்டக்காரர்கள் கேட்பார்கள். ஆனால் முதல் பதினாறில் இருந்த காலத்து நெவில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு ஆட்டத்தில் ஒரு தடவை. அடுத்த வருஷம் மூன்று. இந்த ஆட்டத்தில் ஏழு. லொரேன் சீட்டின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். கடைசியாகப் போன வாரத்துத் தகுதிச் சுற்றைப் போட்டாள். நான்கு ஆட்டங்கள். ஒரு கேள்விகூட இல்லை.

ரொட்டி ஆறிப்போயிருந்தது. "முதலாளி, நான் ஒரு மணி நேரம் வெளிய போறேன்" என்று கோட்டை மாட்டினாள்.

நெவில் பயிற்சி செய்யும் கிளப், தரைவிரிப்புக் கடை ஒன்றின் மாடியில் இருந்தது. உள்ளே ஒரே ஒரு மேசைக்கு மேல் மட்டும் விளக்கு எரிந்தது. மெலிந்த, நெற்றி ஏறிய மனிதன் ஒருவன் தனியாகப் பந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு ஒண்ணுக்கு இருநூத்தம்பது போட்டது நான்தான்" என்றாள் லொரேன்.

நெவில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ரொம்பத் தாராள மனசு உங்களுக்கு."

"பன்னிரண்டு பேர் உங்க மேல கட்டியிருக்காங்க. ஒருத்தருக்கும் எழுபதுக்குக் குறைவில்ல."

"ஐயோ!" அவன் குச்சியை மேசை மேல் வைத்தான். "கட்டாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே. எட்னா வேலைதானே?"

"எட்னா எதுவும் சொல்லல. ஆனா நீங்க இப்பல்லாம் நடுவரைக் கேக்கறதில்ல."

நெவில் ஒரு சிவப்புப் பந்தை எடுத்து அடுக்கில் வைத்தான். பிறகு சிரித்தான். "ஆறு வருஷமா எதிராளிங்க, நிருபருங்க, என் பொண்டாட்டி, ஒருத்தரும் கண்டுபிடிக்கல. பந்தயக் கடைக்காரி கண்டுபிடிச்சுட்டா."

கண்புரை. அவன் அப்பாவுக்கும் இளவயதிலேயே வந்ததாம். நெவிலுக்கு முதலில் விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிந்தது, பிறகு பழுப்பும் சிவப்பும் ஒன்றாயின. வெளியில் தெரிந்தால் ஆதரவு தரும் கம்பெனி கைகழுவிவிடும் என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் ஆடினான். தோற்றுக்கொண்டே போனதில் கம்பெனி தானாகவே கைகழுவியது. அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது என்று டாக்டரிடம் போனான்.

"கண் ஆஸ்பத்திரில காத்திருக்கிற இடத்துல எல்லாருக்கும் எழுபது, எண்பது. நடுவுல நான் ஒருத்தன். எட்னாவுக்கும் எனக்கும் ஒரே நாள். பயந்து நடுங்கிட்டிருந்தேன், அவங்கதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. ரெண்டாவது கண்ணுக்கும் அதே கூட்டம். கட்டுப் பிரிச்ச அன்னிக்கு இங்க வந்து விளக்கைப் போட்டேன்." அவன் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்தான். "இது வெள்ளையா இருந்தது. அவ்வளவுதான். வருஷக்கணக்கா டீ நிறத்துல ஒரு பந்தை வெச்சுக்கிட்டு ஆடியிருக்கேன், அதுதான் வெள்ளைன்னு நெனச்சுக்கிட்டு. மறுநாள் பரிசோதனைக்குப் போனப்ப அவங்ககிட்ட சொன்னேன். எல்லாரும் கை தட்டினாங்க."

லொரேனுக்கும் கை தட்டத் தோன்றியது. ஆனால் தொழில் புத்தி அவளை விடவில்லை. தான் விலை போட்டது கண் தெரியாத ஒரு மனிதனுக்கு. இந்த மனிதனுக்கு இதுவரை யாருமே விலை போட்டதில்லை.

நெவில் அவள் முகத்தில் அதைப் படித்துவிட்டான்போல. "நிஜத்தைச் சொல்லுங்க. எனக்கு என்ன விலை?"

"ஒரு ஃப்ரேம் ஆடுங்க."

ஆடினான். சிவப்புகளை முக்கோணமாக அடுக்கியதிலிருந்து கடைசிக் கருப்பு வரை அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். தூரத்துப் பந்துகள் விழுந்தன. ஆனால் அந்தக் கருப்பை அவசரப்பட்டுத் தவறவிட்டான்.

"எண்பது" என்றாள்.

"எண்பதா! எங்கம்மாகூட அவ்வளவு குறைக்க மாட்டா." அவன் சந்தோஷமாகத்தான் சொன்னான். "முன்னாடி பந்து தவறினா கண்ணு மேல பழி போட்டுக்கலாம். இப்ப ஒரு சாக்கும் இல்ல. அதுதான் பயமா இருக்கு."

லொரேன் கடைக்குத் திரும்பிப் பலகையில் இருநூற்றைம்பதை அடித்து எண்பது என்று எழுதினாள். டங்வொர்த்தின் காது சிவந்தது.

"காரணம் சொல்லு."

"தில்லுமுல்லு இல்ல. அதுக்கு நான் பொறுப்பு. மீதி அவர் சொந்த விஷயம், சொல்ல மாட்டேன்."

"பழைய சீட்டெல்லாம்?"

"இருநூத்தம்பதுதான். நாமதானே எழுதிக் குடுத்தோம்."

"பத்தொன்பது வருஷமா உன்னை நம்பறேன்" என்று முனகிவிட்டு டங்வொர்த் போய்விட்டார்.

சனிக்கிழமை போட்டி தொடங்கியது. முதல் சுற்றில் நெவிலுக்கு எதிரே இம்ரி. கடைத் திரைக்கு முன்னால் பன்னிரண்டு பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்; ஒருவர் பிளாஸ்க், ஒருவர் கேக், ஒருவர் வீட்டிலிருந்து உட்காரும் மெத்தை. பந்தயத் திரை கைவிட்டுப் போன குதிரைக்காரர்கள் ஓரமாக நின்று மனசுக்குள் புகைந்தார்கள். நெவில் பத்து ஃப்ரேமுக்கு எட்டு என்று ஜெயித்தான். நடுவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் டிரைவர் லொரேனைக் கட்டிப்பிடித்தார்.

விலை நாற்பதுக்கு இறங்கியது. இரண்டாம் சுற்றையும் ஜெயித்தபோது பதினாறு. டங்வொர்த்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எட்னாவைக் கவுண்டருக்கு அழைத்துக் குழைந்தார்.

"பிரமால் அம்மா, அந்த ரெண்டு பவுண்டுச் சீட்டை இப்பவே குடுத்துட்டா நூறு பவுண்டு தரேன். நூறு!"

"எதுக்கு?"

"நாளைக்கு அவன் தோத்துட்டா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதே."

எட்னா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "அவன் தோக்கும்போது இந்தச் சீட்டு என் கையில இல்லாம எப்படிப்பா?"

லொரேன் குனிந்து எதையோ தேடுவதுபோல் சிரிப்பை மறைத்தாள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது: இவர்களில் ஒருவரும் விலையைப் பார்த்துக் கட்டவில்லை. அது ஒன்றுக்கு மூன்றாக இருந்தாலும் கட்டியிருப்பார்கள்.

காலிறுதி ஃபாங்கோடு. இரண்டு நாள் ஆட்டம். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு என்று வந்து கடைசி ஃப்ரேமுக்குப் போனது. கடையில் குதிரைக்காரர்கள்கூடக் குதிரைகளை விட்டுத் திரையருகே வந்துவிட்டார்கள். நெவில் ஐம்பத்தெட்டுப் புள்ளி முன்னால். ஒரு சிவப்பைப் போட்டாயிற்று; அடுத்து ஏதாவது ஒரு நிறப் பந்து விழுந்தால் ஃபாங் எட்டிப் பிடிக்க முடியாது. சிவப்புகளுக்கு இடையே பழுப்புப் பந்து. நெவில் நின்றான், பார்த்தான், லொரேனின் கை தானாகக் கவுண்டரைப் பிடித்தது. அவன் கேட்கவில்லை. பழுப்பை விட்டு, நீலத்தைத் தேர்ந்தெடுத்தான். மேசை ஓரத்து நடுப் பைக்கு நேராக இருந்த எளிய நீலம். பையின் உதட்டில் தட்டி நின்றுவிட்டது.

ஃபாங் எழுந்து வந்து, அவசரமே இல்லாமல், மீதிப் பந்துகள் அத்தனையையும் பையில் போட்டு ஜெயித்துவிட்டான்.

ஒருவர் பிளாஸ்க்கை மூடினார். "அந்தச் சீனத்துப் பையனும் நல்லாத்தான் ஆடறான்" என்றாள் எட்னா கடைசியில். டங்வொர்த் பெருமூச்சு விட்டார். அடுத்த நிமிஷம், தான் நிம்மதியடைந்தது எல்லார் காதிலும் விழுந்துவிட்டதை உணர்ந்து, எல்லாருக்கும் டீ போடச் சொன்னார்.

இரண்டு நாள் கழித்து நெவில் கடைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தான்; பாவம், முகமே சொன்னது. கடையில் இருந்த அவன் கூட்டம் அவனை வாய் திறக்க விடவில்லை.

"பழுப்பு பக்கத்துலயே இருந்ததே, ஏன் நீலத்துக்குப் போனே?" என்றார் பஸ் டிரைவர்.

"பழுப்பை அடிச்சா வெள்ளை சிவப்புக்கூட்டத்துல மாட்டிக்கும்."

"மாட்டாது. நான் தெளிவாப் பார்த்தேன்."

"அந்த நீலத்தை நான்கூடப் போட்டிருப்பேன்" என்றாள் எட்னா.

"நீங்க குச்சியைத் தொட்டிருக்கீங்களா எட்னா?"

"கண்ணு நல்லாத் தெரியுதில்ல, அது போதாதா?"

நெவில் வாய்விட்டுச் சிரித்தான். பஸ் டிரைவர் கவுண்டரிலிருந்து ஒரு பேனாவையும் கசங்கிய காகித உருண்டைகளையும் எடுத்து, தரையில் அந்தக் கடைசி ஃப்ரேமை அப்படியே பரப்ப ஆரம்பித்தார். இது வெள்ளை, இது பழுப்பு, இங்கே நீலம். உருண்டை இரண்டு விரற்கடை தள்ளியிருப்பதாக எட்னா சண்டைக்கு வந்தாள். லொரேன் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து, தானும் பார்ப்பதற்காகக் குனிந்தாள்.