பேர் சொல்லாத ஜெபக்குறிப்பு

ரூபாவதிக்கு முதலில் இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. கல்லூரிப் பிள்ளைகளின் ஜெபக்குழுவை நடத்துகிறவர் அவள் வீட்டுக்காரர் பவுல்ராஜ். வெளிநாட்டிலிருந்து படிக்க வந்த பிள்ளைகளை ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போகலாம் என்று சபையில் சொல்லிவிட்டு, முதல் ஆளாகத் தன் கையையே தூக்கிவிட்டார். கை தூக்க என்ன, சமைப்பது யார்?

"ஊருக்கு முந்தி நீங்க ஏன் தூக்குறீங்க? அந்தப் பிள்ளை எதைத் திங்குமோ, எதைத் திங்காதோ," என்று வீடு வரும்வரை முணுமுணுத்தாள்.

வந்தவள் நீமா. தான்சானியாக்காரி, நர்சிங் முதலாண்டு. வந்த அன்றைக்கே மூன்று முறை ரசம் வாங்கிக் குடித்தாள். குடித்துவிட்டு, யாரும் கேட்காமலே பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். ரூபாவதியின் கோபம் அந்த அங்கணத்திலேயே கரைந்து போயிற்று. அடுத்த ஞாயிறு அவளே வாசலில் போய் நின்று பிள்ளையைக் காணோமே என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் அப்படி ஓடியது. நீமா தமிழ் பேசினாள், அதுவும் அச்சு அசல் ரூபாவதியின் தமிழ். "இம்புட்டுப் போதும்மா", "செத்த நேரம் படுங்க" என்பாள். ஒருநாள் ரூபாவதியின் தலைமுடியைத் தன் ஊர் வழக்கப்படி பொடிப்பொடிப் பின்னலாகப் பின்னிவிட்டாள். அவிழ்க்கத் தெரியாமல் அதே தலையோடு பெண்கள் கூட்டத்துக்குப் போனாள் ரூபாவதி. இந்த வயதில் இதென்ன கோலம் என்று எல்லோரும் சிரித்தார்கள். "எம் மக போட்டது, உங்களுக்கென்ன?" என்றாள். பெற்ற இரண்டும் ஆண்பிள்ளைகள். 'எம் மக' என்று சொல்வதில் அவளுக்கு அப்படி ஒரு ருசி.

மூன்றாம் வருஷம் ஒரு ஞாயிறு மதியம். பவுல்ராஜ் வேடசந்தூருக்கு ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நீமா அப்படியே சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. பதறிப்போன ரூபாவதி பீரோ சாவிக்கொத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்தாள். வலிப்புக்கு இரும்பு கொடுப்பது இந்தப் பக்கத்து வைத்தியம். நர்சிங் பிள்ளையிடம் சொன்னால் சிரிப்பாள். கண் விழித்த நீமா சிரிக்கவில்லை. சாவியைப் பார்த்தாள், நடந்தது புரிந்துபோய் அழுதாள்.

"சின்னதுலேருந்து இருக்கும்மா. மாத்திரை போட்டா வராது. பரீட்சைன்னு தூங்கல, மாத்திரையும் மறந்துட்டேன். காலேஜ்ல தெரிஞ்சா என்னைய அனுப்பிருவாங்க. யார்ட்டயும் சொல்லாதீங்கம்மா."

"சொல்லுவேனா? நீ எம் மகள்ல."

சொல்லவில்லைதான். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் அந்த இழுப்பைப் பார்த்த கண்ணுக்குத் தூக்கம் வரவில்லை. படியில் விழுந்தால், குளிக்கிற இடத்தில் விழுந்தால் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் பாஸ்டர் கிறிஸ்துராஜ், "ஜெபக்குறிப்பு இருக்கிறவங்க சொல்லுங்க," என்றார். கடவுளிடம் சொல்வது ஊரிடம் சொல்வதாகுமா என்று நினைத்துக்கொண்டு ரூபாவதி எழுந்தாள்.

"எங்க வீட்டுக்கு வார பிள்ளை ஒண்ணுக்கு வலிப்பு நோய். கர்த்தர் அவளைத் தொடணும்," என்று சொல்லிக் கதறி ஜெபித்தாள்.

பேரைச் சொல்லவில்லையாம். அடி கூறுகெட்டவளே, எம் மக எம் மக என்று இரண்டு வருஷமாகப் பின்னலைக் காட்டித் திரிந்தாயே, உன் வீட்டுக்கு வருகிற பிள்ளை யாரென்று தெரியாதவர் அந்தச் சபையில் யார் இருக்கிறார்கள்? உபவாசக் கஞ்சி ஊற்றும் முன்பே, யாரோ கைபேசியில் பதிந்த அவள் ஜெபம் சபையின் வாட்ஸ்அப்பில் ஏறிவிட்டது. 'சிஸ்டர் நீமாவுக்காக ஜெபியுங்கள்' என்று யாரோ ஒரு நல்ல மனுஷி கீழே எழுதினாள். அதைப் பார்த்தவர்களில் விடுதி வார்டனின் அக்காவும் ஒருத்தி. ஒருவர்கூடக் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை, வயிற்றெரிச்சலே அதுதான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா?

சேரும்போது நோயை மறைத்தாய் என்று கல்லூரி நீமாவை நீக்கியது. ரூபாவதி பிரின்சிபால் அறைக்கு ஓடினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள் அன்றைக்குச் சொன்னாள். "நாந்தான் தப்பாச் சொல்லிட்டேன் மேடம். அது வலிப்பு இல்ல, சும்மா மயக்கம்."

அந்த அம்மாள் கைபேசியை மேசையில் வைத்து ஒலிக்கவிட்டாள். ரூபாவதியின் குரலே கதறி அழுது நீமாவுக்காக மன்றாடியது. முழுசாகக் கேட்க மாட்டாமல் ரூபாவதி வெளியே வந்துவிட்டாள்.

விடுதி அறையில் நீமா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா சொன்னீங்க?"

"ஜெபம் பண்ணத்தாம்மா. நாலு பேரு சேந்து கேட்டா நடக்கும்னு..."

"நீங்க மட்டும் கேட்டிருந்தா பத்தாதாம்மா?"

ரூபாவதி ஒரு துணியை எடுத்து மடிக்க உட்கார்ந்தாள்.

சென்னை ரயில் ஏற்றிவிட ஸ்டேஷனுக்குச் சபையிலிருந்து பத்துப் பேர் வந்திருந்தார்கள். பழம், பிஸ்கட், ஒரு தமிழ்ப் பைபிள் எல்லாம் கொடுத்தார்கள். நீமா கோபப்பட்டு ஒரு வார்த்தை பேசியிருந்தால் ரூபாவதி பிழைத்திருப்பாள். அவளோ வந்து கட்டிக்கொண்டு, "அழாதீங்கம்மா," என்றாள்.

வழியனுப்புமுன் ஜெபிப்பது வழக்கம். பாஸ்டர் அவள் தலையில் கை வைத்து, "உனக்கு என்ன ஜெபக்குறிப்பும்மா?" என்று கேட்டார். நீமா ரூபாவதியைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமில்ல பாஸ்டர். எல்லாம் நல்லாருக்கு."

எல்லோரும் ஆமென் சொன்னார்கள். நீமா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். மூன்று நாளாகத் தூங்காத முகம் அது, பார்த்தாலே தெரிந்தது. மாத்திரையைக் கைப்பைக்குள் வைத்தாயா, பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டாயா என்று கேட்க ரூபாவதிக்கு வாய் வரை வந்தது. ஜன்னலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அவள் கேட்கவில்லை.

ரயில் பக்கத்து ஊரான வடமதுரையைத் தாண்டியிருக்கும். ரூபாவதி பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன யோசனை என்று பவுல்ராஜ் குனிந்து கேட்டார். ஒண்ணுமில்லை என்றாள்.