மூன்றாம் ஓலைக்கு முன்

என் கல்யாணத்துக்குத் தடை இருக்கிறது என்று பங்குத்தந்தையிடம் போய்ச் சொன்னவர் வேறு யாருமில்லை, என் தாய்மாமன். இந்தச் சம்பந்தத்தைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவரும் அவரேதான்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்க வேண்டும் என்று. பெங்களூர் காக்ஸ் டவுனில் எனக்கு விவரம் தெரிந்த நாளாக யாரும் போய் எதையும் அறிவித்ததில்லை. அந்த வரி வரும்போது பெண்கள் முந்தானையைச் சரிசெய்துகொள்வார்கள், ஆண்கள் வாசலில் நிறுத்திய வண்டியை நினைத்துக்கொள்வார்கள். அதை மனதில் வாங்கிக்கொண்ட ஒரே பிரகிருதி ஆம்ப்ரோஸ் மாமாதான்.

எனக்கும் யூஜினுக்கும் இரண்டு ஓலை முடிந்திருந்தது. மாமாவும் யூஜினும் பீன்யா தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனி. கார் கதவுக்குப் பூட்டு செய்கிற கம்பெனி. மாமா பிரஸ் மெஷினில் இருபது வருஷத்துக்கு மேல். யூஜின் மெயின்டனன்ஸ், மெஷின் நின்றால் ஓடிவந்து சரிசெய்கிற ஆள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை எல்லாரையும் கேன்டீனில் கூட்டிவைத்து, தொழிற்சாலை வியட்நாமுக்குப் போகிறது என்று சொன்னார்கள். அங்கே எல்லாமே மலிவாம். இங்கே இருப்பவர்கள் என்ன ஆவது என்று யாரோ கேட்டதற்கு, சட்டப்படி சேரவேண்டியது சேரும் என்று மேனேஜர் கன்னடத்தில் ஒருமுறையும் இங்கிலீஷில் ஒருமுறையும் சொன்னாராம். இரண்டு மொழியில் சொன்னால் இரண்டு மடங்கு ஆறுதல் என்று நினைத்தாரோ என்னவோ.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"உங்க மாமா ஃபாதராண்ட போயிருக்காருடி. ஓலைய நிறுத்தச் சொல்லணும்னு போயிருக்காரு."

செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பினேன். எனக்குக் கோபம் வந்தால் நடை ஓட்டமாகிவிடும். வழியில் குட் ஆஃப்டர்நூன் மிஸ் என்று சொன்ன பிள்ளைகளைக்கூட முறைத்தேன்.

ஃபாதரின் அறையில் மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கம்பெனி அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. லீவு நாளில் அதை ஏன் மாட்டிக்கொண்டு வந்தார் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

"வாம்மா சிந்தியா," என்றார் ஃபாதர், ஆள் வந்ததே என்கிற நிம்மதியோடு. "நீயாவது சொல்லு. ஆம்ப்ரோஸ், வேலை போறதெல்லாம் தடை இல்லப்பா. மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணம் ஆனவனா இருக்கணும், இல்ல பொண்ணைக் கட்டாயப்படுத்தியிருக்கணும். அந்த மாதிரி விஷயம்தான் தடை."

"பெர்மனென்ட் வேலைன்னு சொல்லித்தானே ஃபாதர் குடுக்கறோம்? அப்பா இல்லாத பொண்ணு. நான் குடுத்த வார்த்தை பொய்யாப் போச்சு. தெரிஞ்சவங்க சொல்லணும்னு நீங்கதானே வாசிச்சீங்க?"

"என்னைக் கேட்டீங்களா மாமா?" என்று கத்தினேன். "நான் பெர்மனென்ட்டையா கட்டிக்கப் போறேன்? யூஜினைக் கட்டிக்கப் போறேன். எனக்குச் சம்பளம் வருது. அவருக்கும் கை கால் நல்லாத்தான் இருக்கு. வேற வேலை கெடைக்காமலா போயிடும்?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். ஃபாதர் சந்தர்ப்பத்தை நழுவவிடாமல், நாளைக்கு மூன்றாம் ஓலை வாசிக்கிறேன் என்று எழுந்துவிட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். கத்தியதற்கு அப்படித்தான் நான் மன்னிப்புக் கேட்பது வழக்கம்.

"அவன் சின்னப் பையன், தேறிடுவான்," என்றார். "என் கதைதான் நாறிப்போச்சு. அம்பத்திமூணு வயசுல எவன் கூப்புடுவான்? எங்க கம்பெனிக்குப் பின்னாடி கிருஷ்ணப்பான்னு ஒருத்தர் ஒர்க் ஷாப் வெச்சிருக்காரு. ரெண்டு மாசம் முன்ன, சூப்பர்வைசரா வந்துடுன்னு கூப்ட்டாரு. கம்பெனி பஸ்ல யூஜினைக் கேட்டேன். இத்தினி வருஷ சர்வீஸை எதுக்கு மாமா விடறீங்கன்னான். அதுவும் நியாயமாத்தான் பட்டுது. இப்ப அங்க வேற ஆள் வந்தாச்சு. பாவம், யூஜின் மட்டும் கனவா கண்டான்?"

சாயங்காலம் ஆஸ்டின் டவுனிலிருந்து யூஜின் பைக்கில் வந்தான். மார்க்கெட் பக்கத்து பேக்கரி வாசலில் நின்று டீ குடித்தோம். மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்ததையும் ஃபாதர் விழித்ததையும் நடித்தே காட்டினேன். பேக்கரிக்காரர்கூடச் சிரித்தார். யூஜின் சிரிக்கவில்லை. கையிலிருந்த டீ ஆடை படிந்து ஆறிப்போயிருந்தது.

"எனக்கு வேலை போகல சிந்தியா," என்றான். "மெஷினெல்லாம் கழட்டி பேக் பண்ணணும். அப்புறம் வியட்நாம் போய் மாட்டிக் குடுக்கணும். அது முடியற வரைக்கும் என்னை வெச்சிருப்பாங்க."

"நல்ல விஷயம்தானே! அதை ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு சொல்றீங்க? எப்ப சொன்னாங்க?"

"நம்ம நிச்சயதார்த்தத்துக்கு முன்னாடி."

நிச்சயதார்த்தம் நடந்து மூன்று மாசம் ஆகியிருந்தது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போடவே வேண்டியிருக்கவில்லை.

"அப்போ, கிருஷ்ணப்பா கூப்புடறாருன்னு மாமா உங்களைக் கேட்டப்போ..."

"தெரியும்." கண்ணாடிக் கோப்பையைச் சுவர்மேல் வைத்தான். "வெளிய ஒரு வார்த்தை போச்சுன்னா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்னாங்க. எந்த மெஷின் எந்தப் பெட்டியில போகணும்னு ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான். மாமாவோட பிரஸ்ஸுக்கும் ஒட்டினேன். ஆடிட்டுக்காடான்னு கேட்டாரு. ஆமா மாமான்னேன். அன்னியிலேர்ந்து அந்த ஸ்டிக்கர் மேல எண்ணெய் படாம தொடைச்சு வெச்சிக்கினு இருக்காரு."

"ஏன் யூஜின்?"

"கம்பெனிய மூடறாங்கன்னு தெரிஞ்சா உன்னை எனக்குக் குடுப்பாங்களா? உங்க மாமா என்னை எதுக்காகப் பாத்தாரு? நீயே சொல்லு. நான் வாயைத் தொறந்திருந்தா மொத ஓலையாவது வாசிச்சிருப்பாங்களா?"

வாசித்திருக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும். வேலையில்லாத யூஜினை நான் சந்தோஷமாகக் கட்டிக்கொண்டிருப்பேன், ஃபாதர் முன்னால் கத்தியதில் பொய் ஒன்றுமில்லை. வேலையோடு நிற்கிற இந்த ஆளைத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. தினமும் பஸ்ஸில் மாமா பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கொடுக்கிற வேர்க்கடலையைத் தின்றுகொண்டே பீன்யா வரைக்கும் போயிருக்கிறான். எனக்காகத்தான் செய்தான் என்ற நினைப்பில் எங்கோ ஓர் இனிப்பும் இருந்தது. அதற்காக என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

"மாமாகிட்ட நீங்களே சொல்லிடுங்க," என்றேன்.

"சொல்றேன். கல்யாணம் முடியட்டும்."

"கல்யாணம் முடிஞ்சப்புறம் சொல்றதுக்குப் பேரு சொல்றதா?"

போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தேன். விடிய விடிய அவனை மனதுக்குள் திட்டினேன். கோழை என்றேன், நன்றிகெட்டவன் என்றேன். ஆனால் கல்யாணத்தை நிறுத்திவிடலாம் என்ற வார்த்தை மட்டும் ஒருமுறைகூட வரவில்லை. அவனை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. என்ன செய்ய?

ஞாயிறு காலை மாமா தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். அம்மா உள்ளே இடம் பிடிக்கப் போனதும், என்னை மாதா சிலை இருக்கிற கெபி ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் சிந்தியா, கோச்சிக்காதே. மெயின்டனன்ஸ் பசங்களுக்கு முன்னாடியே விஷயம் தெரியும்னு எங்க ஆளுங்க பேசிக்கறாங்க. யூஜின் உன்னாண்ட எதனா சொன்னானா? அவனுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மாமா சத்தம் போட மாட்டார். சபித்துக் கொட்ட மாட்டார். நேரே ஃபாதரிடம் போவார், இந்த முறை நான் எவ்வளவு கத்தினாலும் திரும்ப மாட்டார். கல்யாணத்தில் அவரை விட்டால் எனக்கு அப்பா ஸ்தானத்தில் நிற்க வேறு ஆளும் கிடையாது.

"தெரியாது மாமா," என்றேன்.

குரல்கூட நடுங்கவில்லை. யூஜினை ராத்திரியெல்லாம் எதற்காகத் திட்டித் தீர்த்தேனோ, அதையே ஒரு வார்த்தையில் செய்து முடித்துவிட்டேன்.

"அதானே பார்த்தேன்," என்று மாமா மூச்சுவிட்டார். முகம் தெளிந்துவிட்டது. "அவன் அப்படிப்பட்ட பையன் இல்ல."

அந்த நேரம் பார்த்து யூஜின் கோயில் கேட்டுக்குள் வந்தான். அவனும் தூங்கியிருக்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. மாமா வேகமாகப் போய் அவன் தோளில் கைபோட்டுக்கொண்டார்.

"என்ன மாப்ளே, இடிஞ்சு போயிட்டியா? நான் இருக்கேன் இல்ல? நாளையிலேர்ந்து ரெண்டு பேரும் பீன்யா பூரா அலையலாம். எனக்குத் தெரிஞ்ச ஒர்க் ஷாப் ஒண்ணு விடாம கேக்கறேன். மொதல்ல உனக்கு, அப்புறம்தான் எனக்கு. நீ புதுசா குடும்பம் நடத்தப் போறவன்."

யூஜின் என்னைப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

"மாமா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். நான் வந்து..."

சொல்லிவிடப் போகிறான். நேற்று நான் அவனிடம் கேட்டதும் அதைத்தான். ஓடிப்போய் இருவருக்கும் நடுவில் நுழைந்து மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பூசைக்கு நேரமாச்சு மாமா," என்றேன். "உள்ள வாங்க."